515-ம் நம்பர் கதவும் ஒரு கணக்குப்பிள்ளையும்

லேப்ல உட்கார்ந்து பிரிண்ட் குடுக்கிறீங்க. பேப்பர் வருது, எடுத்துட்டுப் போயிடறீங்க. அந்த ஜாப் எந்த மெஷின்ல இருந்து வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு யாராவது எழுதி வைக்கிறாங்களா? நீங்க யோசிச்சிருக்க மாட்டீங்க. போன வருஷம் வரைக்கும் நானும் யோசிச்சதில்ல.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலைல லேப்பைத் திறந்தா பிரிண்டர் டிரே காலி. தரையெல்லாம் பேப்பர். ஒவ்வொரு பேப்பர்லயும் புரியாத கிறுக்கல் எழுத்து. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் லேப் பூட்டித்தான் இருந்துச்சு. சாவி லேப் அசிஸ்டெண்ட் அண்ணாகிட்ட. பேப்பர் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுறவரும் அவரே. கணக்கு இடிக்குதுன்னு அவர்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டுட்டாங்க. பதினஞ்சு வருஷமா அந்த லேப்பைப் பார்த்துக்கிற மனுஷன், ஒரு வெள்ளைத் தாளை வெச்சுக்கிட்டு என்ன எழுதுறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன்.

எங்க பிரிண்ட் சர்வர் ஒரு பழைய ஃப்ரீபிஎஸ்டி பெட்டி. அதுல ஓடுற புரோகிராம் பேர் எல்பிடி, அதாவது லைன் பிரிண்டர் டீமன். யாரோ எப்பவோ எந்த ஆப்ஷனும் குடுக்காம ஸ்டார்ட் பண்ணி விட்டது. அதனால யார் அனுப்பின ஜாப்னு சொல்ல அதுகிட்ட ஒரு வரி கூட இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து எல்பிடி மேன் பேஜைப் படிச்சேன். ஹைஃபன் எல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைக் குடுத்தா, நெட்வொர்க் வழியா வர்ற சரியான ரிக்வெஸ்ட் ஒவ்வொண்ணையும் சிஸ்லாக்ல எழுதி வைக்கும். ஒரே ஒரு எழுத்து! அது முன்னாடியே இருந்திருந்தா அண்ணா அந்த லெட்டரை எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்த எழுத்தைப் போட்ட பிறகு லாக்ல என்ன கிடைச்சுதுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு நடுவுல உங்களுக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். அந்த மேன் பேஜ்ல இருந்து நூல் பிடிச்சுப் போனப்போ நான் கண்டுபிடிச்ச ஆள் அவர்.

எந்த யுனிக்ஸ் மெஷின்லயும் எட்ஸி டைரக்டரிக்குள்ள சர்வீசஸ்னு ஒரு ஃபைல் இருக்கும். திறந்து பாருங்க. பிரிண்டருக்கு டிசிபி 515-ம் நம்பர் போர்ட். அதுக்கு முந்தின நம்பர், யுடிபி 514, சிஸ்லாக்குக்கு. பிரிண்ட் ஜாப் வர்ற கதவும் லாக் வர்ற கதவும் பக்கத்துப் பக்கத்து வீடு. சரி, இந்தக் கதவு நம்பரை எல்லாம் யார் குடுத்தது? எந்த நாட்டு கவர்ன்மென்ட்? எந்தக் கம்பெனி? ரெண்டும் இல்ல. பல வருஷமா அந்தப் பட்டியலை வெச்சிருந்தவர் செருப்பும் நீளத் தாடியுமா சுத்தின ஒரு மனுஷன். பேர் ஜான் போஸ்டல். நீங்களும் நானும் பிறக்கிறதுக்கு முன்னாடியே, 1998-ல இறந்துட்டார்.

நம்ம வயசுல அவர்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் அல்டடீனாவில் பிறந்தார். படிச்சது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல வான் நைஸ் ஹைஸ்கூல். பின்னாடி இன்டர்நெட்டை உருவாக்கினவங்கன்னு நாம படிக்கிற விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர் ரெண்டு பேரும் அதே ஸ்கூல்தான். அப்புறம் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம். 1966-ல இளங்கலை, 1968-ல முதுகலை. பிஎச்டி முடிச்சது 1974-ல.

அவர் மாணவரா இருந்த யுசிஎல்ஏ-ல லெனார்ட் கிளைன்ராக்னு ஒரு பேராசிரியர். ஆர்பாநெட்டின் முதல் கணு அவருடைய லேப்லதான் வந்துச்சு. 1969-ல ஐஎம்பின்னு ஒரு பெரிய பீரோ சைஸ் மெஷினை அங்க கொண்டு வந்து இறக்கினாங்க. இன்னைக்கு நாம ரூட்டர்னு சொல்றோமே, அதோட தாத்தா. அந்த மெஷினைச் சுத்தி வேலை பார்த்தது பெரும்பாலும் நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸ்தான். போஸ்டல் அவங்கள்ல ஒருத்தர்.

அந்த லேப்ல ஒரு நோட்டுப் புத்தகம் இருந்துச்சு, ஐஎம்பி லாக். மெஷின்ல யார் என்ன பண்ணினாலும் தேதி, நேரம் போட்டு கையால எழுதணும். 1969 அக்டோபர் 29, ராத்திரி பத்தரை மணி. சார்லி கிளைன்னு ஒரு மாணவர், ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலைய மெஷினோட பேசினதா அதுல ஒரு வரி இருக்கு. லாகின்னு டைப் பண்ண ஆரம்பிச்சு, எல், ஓன்னு ரெண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கம் மெஷின் படுத்துடுச்சு. சரி பண்ணிட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்பவும் இணைஞ்சாங்க. இன்டர்நெட்டோட முதல் ராத்திரி நமக்கு தேதி, மணியோட தெரியுதுன்னா ஒரே காரணம், யாரோ சோம்பேறித்தனம் பார்க்காம அந்த வரியை எழுதினதுதான். போட்டோ கிடையாது, வீடியோ கிடையாது. லாக் மட்டும்தான்.

நம்பர் குடுக்கிறவர்

அதே 1969 ஏப்ரல்ல, இந்த மாணவர்கள் தங்களுக்குள்ள குறிப்பு எழுதிப் பகிர ஆரம்பிச்சாங்க. முதல் குறிப்பை எழுதினது ஸ்டீவ் கிராக்கர். தாங்க கட்டளை போடுற மாதிரி தெரியக் கூடாதுன்னு அதுக்கு அடக்கமா ஒரு பேர் வெச்சாங்க: கருத்து கேட்கும் வேண்டுகோள். நாம சுருக்கமா ஆர்எஃப்சிங்கிறோம். இந்தக் குறிப்புகளைச் சேர்த்து, திருத்தி, நம்பர் போட்டுப் பாதுகாக்க ஒரு ஆள் வேணும். அந்த வேலை போஸ்டல் கைக்கு வந்துச்சு. சாகிற வரைக்கும், கிட்டத்தட்ட 29 வருஷம், அதை விடல.

1972 மே மாசம் அவரே ஒரு ஆர்எஃப்சி எழுதினார், நம்பர் 349. நெட்வொர்க்ல ஒவ்வொரு சர்வீசுக்கும் ஆளாளுக்கு ஒரு நம்பர் வெச்சா குழப்பம்தான் மிஞ்சும், அதனால ஒருத்தர் பொறுப்பா இருந்து நம்பர் வழங்கணும், அந்த ஆள் வேணும்னா நானே இருக்கேன்னு அதுல சொன்னார். ஒரு பட்டியலும் போட்டார். யாரும் எலெக்‌ஷன் வைக்கல, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அடிக்கல. வேலை கிடந்துச்சு, எடுத்துக்கிட்டார். முதல்ல அந்தப் பட்டியல் ஒரு நோட்டுத் தாள்லதான் இருந்துச்சுன்னு சொல்வாங்க.

அதுக்கப்புறம் இந்தப் பட்டியல் வளர்ந்துக்கிட்டே போச்சு. ஒதுக்கப்பட்ட எண்கள்னு தலைப்பு போட்டு திரும்பத் திரும்ப ஆர்எஃப்சியா வந்துச்சு. பின்னாடி ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் அவரோட சேர்ந்து எழுதினாங்க. 1994 அக்டோபர்ல வந்த 1700-ம் நம்பர் ஆர்எஃப்சிதான் அந்த வரிசைல கடைசிப் புத்தகம். இந்த வேலைக்குப் பின்னாடி ஐயானான்னு பேர் வந்துச்சு. பேரைக் கேட்டா பெரிய கட்டடம், நூறு ஊழியர்னு தோணும். ரொம்ப நாளுக்கு ஐயானான்னா போஸ்டல், அவரோட சில சகாக்கள், அவ்வளவுதான்.

உங்க வீட்டு ஏரியால புது மனைக்கு டோர் நம்பர் குடுக்கிறவர் ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் குடுத்துட்டார்னு வெச்சுக்கோங்க. கொரியர், கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் எல்லாம் குழம்பிடும். அந்த ஆள் லஞ்சம் வாங்கி ஃபேன்சி நம்பர் வித்தா இன்னும் மோசம். உலகத்துக்கே டோர் நம்பர் குடுத்த இவர் மேல எல்லாரும் நம்பிக்கை வெச்சாங்க. கேட்டவங்களுக்குக் குடுத்தார், குடுத்ததை எழுதி வெச்சார், எழுதினதை எல்லாரும் பார்க்கிற மாதிரி பப்ளிஷ் பண்ணினார். அவரோட அதிகாரம் முழுக்க இந்த மூணு பழக்கத்துல இருந்து வந்ததுதான்.

58 வரி, 72 எழுத்து

நடுவுல சில வருஷம் வேற இடங்கள்ல வேலை பார்த்துட்டு, 1977 மார்ச்ல தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துல சேர்ந்தார். கடைசி வரைக்கும் அங்கதான்.

சேர்ந்த சில மாசத்துலயே ஒரு பெரிய விஷயம் செஞ்சார். அப்போ டிசிபின்னு ஒரே புரோட்டோகால்தான், எல்லா வேலையும் அதுக்குள்ள. 1977 ஆகஸ்ட்ல போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். லேயர்களைக் கலந்து தப்பு பண்றோம், பாக்கெட்டை வழியனுப்புற வேலை வேற, போய்ச் சேர்ந்துச்சான்னு உறுதி பண்ற வேலை வேறன்னார். அடுத்த வருஷம் டிசிபி தனி, ஐபி தனின்னு பிரிஞ்சுது. மூணாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி எழுதினோமே லேயர் படம், அதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சண்டை இருக்கு. 1981 செப்டம்பர்ல வந்த ஐபி, ஐசிஎம்பி, டிசிபி ஆர்எஃப்சிகள், 791, 792, 793, மூணுமே அவர் தொகுத்தது. மெயில் அனுப்புற எஸ்எம்டிபி, 821, 1982-ல அவர் எழுதினது. மொத்த நெட்வொர்க்கும் 1983 ஜனவரி 1-ம் தேதி டிசிபிக்கு மாறணும்னு திட்டம் போட்டுக் குடுத்ததும் அவர்தான்.

எனக்கு அதிகம் பிடிச்சது இவ்வளவு பெரிய விஷயம் இல்ல. ஆர்எஃப்சி எழுதுறவங்களுக்கு அவர் போட்ட விதிமுறை. பக்கத்துக்கு 58 வரி. வரிக்கு 72 எழுத்து. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் ஒரு ஃபார்ம் ஃபீட். வெறும் ஆஸ்கி எழுத்து. எழுத்து மேல எழுத்து அடிக்கக் கூடாது, அடிக்கோடு கூடக் கூடாது. ஏன் இவ்வளவு கறார்? எந்த ஊர்ல, எந்த ஓட்டை பிரிண்டர்ல அடிச்சாலும் வரணும். நேத்து வந்த ஃபான்ட் இல்லாததால ஒரு மாணவனால படிக்க முடியலன்னு இருக்கக் கூடாது. 1970-கள்ல எழுதின குறிப்பை இன்னிக்கு என் லேப்டாப்ல அப்படியே படிக்க முடியுது. நான் செகண்ட் இயர்ல பண்ணின ஒரு ரிப்போர்ட்டை இப்போ திறந்தா பாதி கட்டம் கட்டமா வருது.

பொறுத்துப் போறதுக்கு ஒரு விலை

போஸ்டல் பேர்ல ஒரு தத்துவமே இருக்கு. 1980-களின் தொடக்கத்துல வந்த அவரோட ஆர்எஃப்சிகள்ல அது இருக்கு. நீ அனுப்புறதுல கறாரா இரு, அடுத்தவன் அனுப்புறதை வாங்கும்போது கொஞ்சம் தாராளமா இருங்கிறது அதோட சாரம். எவனோ சின்னத் தப்போட பாக்கெட் அனுப்பினாலும், அர்த்தம் புரிஞ்சா ஏத்துக்கோ. வேற வேற கம்பெனி மெஷின்கள் சண்டை போடாம பேசினதுக்கு இந்த மனசும் ஒரு காரணம்.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. எல்லாத்தையும் பொறுத்துப் போனா தப்பு எங்க நடக்குதுன்னே தெரியாது. 1989 அக்டோபர்ல வந்த 1122-ம் நம்பர் ஆர்எஃப்சியை இங்க சொல்லணும். தொகுத்தவர் போஸ்டலோட சகா ராபர்ட் பிரேடன். அதுல பிழைகளை லாக் பண்றதுக்குன்னே ஒரு பகுதி. நெட்வொர்க்ல கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிறது பல நேரம் ரொம்பக் கஷ்டம், அதனால தப்பான, விசித்திரமான விஷயங்களை எழுதி வைக்க வசதி இருந்தா உதவும்னு அந்தப் பகுதி சொல்லுது.

எல்பிடி இதுக்கு நல்ல உதாரணம். நெட்வொர்க் வழியா பிரிண்ட் எடுக்கிற இந்த முறை 1980-கள்ல பெர்க்லி யுனிக்ஸோட பரவினது. அதோட விதிகளை 1990 ஆகஸ்ட்ல 1179-ம் நம்பர் ஆர்எஃப்சியா லியோ மெக்லாக்லின் எழுதினார், போஸ்டல் எடிட்டரா இருந்த காலத்துல. 515-ல வர்ற கனெக்‌ஷன்ல முதல் பைட் ஒரு கட்டளை. 1 வந்தா காத்திருக்கிற ஜாப்களை அடி. 2 வந்தா புது ஜாப்பை வாங்கிக்கோ. 3, 4 வந்தா வரிசையைக் காட்டு. 5 வந்தா ஜாப்பைத் தூக்கு. யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்காது. எந்த ஹோஸ்ட்ல இருந்து வருதுன்னு மட்டும் பார்க்கும். அனுமதி உள்ள மெஷினா இருந்தா வாங்கி அடிச்சுடும். அப்படி ஒரு நல்லவன்கிட்ட வேலை வாங்கணும்னா பக்கத்துலயே ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேணும். ஹைஃபன் எல்தான் அந்த நோட்டு.

கடைசி வருஷம்

1998 ஜனவரி 28. உலகத்துல மொத்தம் 13 ரூட் சர்வர். எல்லாமே ஒரு தனியார் கம்பெனி நடத்தின சர்வர்ல இருந்துதான் தகவல் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. போஸ்டல் எட்டு சர்வர்களை நடத்துறவங்களுக்கு ஒரு மெயில் அனுப்பினார். இனிமே எங்க சர்வர்ல இருந்து எடுத்துக்கோங்கன்னு. எட்டு பேரும் மாத்திட்டாங்க! யார் உத்தரவுன்னு கேட்கல, ஜான் சொல்றார்னு செஞ்சாங்க. இன்டர்நெட் பயன்படுத்தின யாருக்கும் வித்தியாசமே தெரியல. ஆனா வாஷிங்டன்ல ஆடிப் போயிட்டாங்க. இன்டர்நெட் கட்டுப்பாட்டை யார்கிட்ட குடுக்கிறதுன்னு அரசாங்கம் திட்டம் போட்டுக்கிட்டிருந்த நேரம் அது. அதிபர் கிளின்டனோட ஆலோசகர் ஐரா மேகசினர்கிட்ட இருந்து அழைப்பு வந்துச்சு. போஸ்டல் இது ஒரு சோதனைன்னு விளக்கி, எல்லாத்தையும் பழையபடி மாத்தினார்.

அவர் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கும் வாதம் பண்றாங்க. என் கருத்தைச் சொல்றேன். நல்லவரா இருந்தாலும் ஒரே ஆள் ஒரு மெயில்ல இவ்வளவு செய்ய முடியும்ங்கிறது பயம்தான். அவருக்கும் அது தெரிஞ்சிருக்கணும். ஏன்னா தன் வேலையை ஒரு அமைப்புகிட்ட ஒப்படைக்க அந்த வருஷம் முழுக்க உழைச்சவரும் அவரே. 1998 செப்டம்பர் 30-ம் தேதி ஐகேன் அமைப்பு பதிவாச்சு. சரியா 16 நாள் கழிச்சு, அக்டோபர் 16-ம் தேதி, இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல போஸ்டல் இறந்தார். வயசு 55. சியரா நெவாடா மலையில நடக்கிறது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னும் நிறைய நடந்திருக்கலாம்.

அதே மாசம் 2468-ம் நம்பர் ஆர்எஃப்சி வந்துச்சு. எழுதினது விண்ட் செர்ஃப். உள்ள எந்தப் புரோட்டோகாலும் இல்ல. நண்பனுக்கு எழுதின இரங்கல். 29 வருஷம் அவர் நம்பர் போட்டுக் காத்த வரிசைல அவரோட சாவும் ஒரு நம்பரா ஏறிடுச்சு. இதைப் படிச்சப்போ ஹாஸ்டல் ரூம்ல மணி ராத்திரி ரெண்டு. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாவோட லெட்டர்

சரி, லாக்ல என்ன கிடைச்சுதுன்னு கேட்டீங்கல்ல.

மறுநாள் லேப் சார்கிட்ட பர்மிஷன் வாங்கி, சர்வர்ல எல்பிடி ஃப்ளாக்ஸ்ங்கிற வரில ஹைஃபன் எல் சேர்த்து ரீஸ்டார்ட் பண்ணினேன். டிரேல பேப்பர் வைக்க வேணாம்னு அண்ணாகிட்ட சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை லாக் ஃபைலைத் திறந்தேன். ஞாயிறு விடியற்காலை 2 மணில இருந்து 2:59 வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு வரி. ஒவ்வொண்ணுலயும் நேரம், அனுப்பின மெஷின் பேர், புது ஜாப் அனுப்புறேங்கிற கட்டளை, பிரிண்டர் பேர்.

மெஷின் பேர் என் மெஷின்தான்.

மினி புராஜெக்ட்டுக்காக நான் எழுதின ஒரு ஸ்கிரிப்ட். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு 2 மணிக்கு ஒரு ரிப்போர்ட் பிரிண்ட் ஆகணும்னு கிரான்ல போட்டிருந்தேன். மணி இடத்துல 2 போட்டேன், நிமிஷம் இடத்துல ஸ்டாரை அப்படியே விட்டுட்டேன். அதனால 2 மணிக்குள்ள வர்ற 60 நிமிஷமும் ஓடிச்சு. போதாததுக்கு பிடிஎஃப்பை அப்படியே டெக்ஸ்ட் மாதிரி அனுப்பியிருக்கேன். அதான் அந்தக் கிறுக்கல். எல்பிடி பாவம், தாராளமா வாங்கி, கேள்வி கேட்காம அடிச்சுத் தள்ளியிருக்கு.

லாக்கை பிரிண்ட் எடுத்துக்கிட்டு (ஒரே ஒரு காப்பி!) எச்ஓடி ரூமுக்குப் போனேன். கை நடுங்குச்சு. அந்த ஃபைலை டெலிட் பண்ணிடலாமான்னு வழில ஒரு தடவை தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். பேப்பர் பண்டலுக்குக் காசு கட்டினேன், திட்டு வாங்கினேன். அண்ணா எழுதின விளக்கத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவர் அதை நாலா மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டு, டீ சாப்பிட்டியாப்பான்னு மட்டும் கேட்டார்.

நீங்க நாளைக்கு எங்கயாவது சிஸ்டம் அட்மினா போவீங்க. ஒரு எல்பிடி உங்க கைக்கு வந்தா ஹைஃபன் எல் போடுங்க. அனுமதி இல்லாத மெஷின்கள் முட்டிப் பார்க்கிறதும் பதிவாகணும்னா, ஃப்ரீபிஎஸ்டில ஹைஃபன் சி இருக்கு. யார் எத்தனை பக்கம் அடிச்சாங்கன்னு வேணும்னா அது இந்த லாக்ல வராது. அதுக்கு பிரிண்ட்கேப் ஃபைல்ல ஏஎஃப்னு கணக்கு ஃபைல் குடுத்து, அதுல எழுதத் தெரிஞ்ச ஃபில்டரும் வைக்கணும். சர்வர் நெட்வொர்க்குக்கே திறக்க வேணாம்னா ஹைஃபன் எஸ் போதும்.

போஸ்டல் பார்த்தது கணக்குப்பிள்ளை வேலைதான். எழுதி வெச்சார், அதை எல்லாருக்கும் காட்டினார். எங்க லேப்ல அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாத ஒரு வாரத்துல, தப்பே பண்ணாத ஒருத்தர் விளக்கம் எழுதினார். இப்போ எங்க சர்வர்ல அந்த ஒரு எழுத்து இருக்கு. நான் பாஸ் அவுட் ஆகிப் போனப்புறம் ஜூனியர்ஸ் யாரும் அதை எடுத்துடாதீங்க.